பீடி அணையும் வரை

இராயபுரம்
12-3-1973

சேசு மரி சூசை துணை.

அண்ணன் லியோனார்ட் அவர்களுக்கு, தங்கை எல்சி எழுதுவது.

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் டிப்போ வாசலில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் என்னைப் பார்த்து, "இன்னொரு தபா இந்த கேட்டுக்குள்ள கால் வச்சினா தங்கச்சின்னு பாக்க மாட்டேன்" என்று சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. அதனால் அந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

இராயபுரத்தில் ரயில் ஏறினால் ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் எண்ணூர் வந்துவிடும். அந்தத் தூரத்துக்குத் தபால் எழுதுகிறேன் என்று தெரிந்தால் ஊரே சிரிக்கும். நம் தம்பி ஜார்ஜ் தினமும் காலையில் என் கையால் சோற்று டப்பாவை வாங்கிக்கொண்டு உங்கள் டிப்போவுக்குத்தானே வருகிறான், அவனிடமே கொடுத்தனுப்பியிருக்கலாம். நீங்கள் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பதினேழு வயதுப் பிள்ளை நடுவில் நின்று முழிப்பான். தபால்காரர் கொடுத்தால் வாங்கித்தானே ஆக வேண்டும்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகிற பையன்களைப் புகையிலையிலிருந்து காப்பாற்று, அடிபடாமல் காப்பாற்று, இந்த இரண்டையும்தான் சுகாதார ஆபீசில் இந்த வருஷம் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஒரு பட்டறை விடாமல் ஏறி இறங்கிவிட்டேன். அண்ணன் மேஸ்திரியாக இருக்கிற இரும்பு டிப்போவை மட்டும் விட்டுவைத்தால் நன்றாகவா இருக்கும்? முதலாளியிடம் அனுமதி வாங்கினேன். உங்களிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பீர்கள்.

விபூதிப் புதன் கழித்து வந்ததால், ஈஸ்டர் வந்து தபசுகாலம் முடிகிற வரை பீடியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னேன். ஜார்ஜ்தான் முதலில் எழுந்தான். அவனுடைய தோஸ்து பஷீர், "எங்களுக்கு நோன்பு இருந்து பயக்கம்தான் மேடம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தான். இளவட்டம் எல்லாம் எழுந்தது. அப்போது யாரோ, மேஸ்திரிக்குச் சத்தியம் கிடையாதா என்று கேட்டார்கள். மேஸ்திரியின் சட்டைப்பையில் பீடிக்கட்டு தூங்குகிறது, எழுப்பினால் பாவம் என்றேன். சிரிப்புக்காகச் சொன்னதுதான். எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும் சிரித்துவிட்டார். அது மட்டும் நடந்திருக்க வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பா கடைசி மாசத்தில் இருமிய இருமலை நீங்களும்தான் கேட்டீர்கள். ஜார்ஜ் அப்போது சின்னப்பையன், அவனுக்கு ஞாபகம் இல்லை. அவன் சத்தியத்தைக் காப்பாற்றுகிறானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்காக வேண்டாம், அவனுக்காக.

எல்சி


எண்ணூர்
20-3-1973

தங்கச்சி எல்சிக்கு,

உன் கடுதாசி வந்தது. உன் அண்ணி வியாகுலம்தான் வாங்கினாள், பிரித்தாள், படித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் என் கைக்கு வந்தது.

அதென்ன புதுசாக நீங்கள், உங்கள்? பனைமரத் தொட்டி முனை வரைக்கும் என் தோளில் ஏறிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நீ. என் மேல் கோபமாக இருந்தாலும் 'நீ' என்றே எழுது. 'நீங்கள்' என்று படித்தால் ஏதோ கோர்ட்டு நோட்டீசு வந்த மாதிரி இருக்கிறது.

நான் கோபப்பட்டது பீடிக்காக என்று நினைக்காதே. முதலாளி சிரிக்கிற மேஸ்திரியை அடுத்த நாள் எவன் மதிப்பான்? ஒரு தகட்டை இரண்டு பேர் தூக்குகிறார்கள் என்றால் இரண்டு பேர் காதிலும் என் குரல் மட்டும்தான் விழ வேண்டும். அதில் சந்தேகம் வந்தால் கால் போகும், கை போகும். நீ வந்து விளையாட்டுக் காட்டிவிட்டு ரயிலேறிப் போய்விட்டாய். மறுநாள் தகடு இறக்கும்போது ஒருத்தன், "பீடிய எழுப்பலாமா மேஸ்திரி" என்கிறான்.

நீ கொடுத்துவிட்டுப் போன அந்தக் கருத்துப்போன நுரையீரல் படத்தை முதலாளி தன் அறையில் மாட்டியிருக்கிறார், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே. வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறார். உன்னைப் பற்றி அவருக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம்.

பொய் சொல்லக் கூடாது, பையன்கள் சத்தியத்தைக் காப்பாற்றுகிறார்கள். வேலையும் முன்னைக்கு இப்போது வேகமாக நடக்கிறது. மத்தியானம் வரை நிற்கிற லாரி சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே காலியாகிவிடுகிறது. ஜார்ஜ்தான் கொஞ்சம் வாடித் தெரிகிறான். நீ ஊர்ப்பிள்ளைகளுக்கு உபதேசம் செய்துகொண்டு திரிந்தால் வீட்டுப்பிள்ளைக்கு யார் மீன் பொரித்துக் கொடுப்பது?

நான் அங்கே வரமாட்டேன். நீயும் இங்கே வராதே. ஈஸ்டருக்குப் பார்ப்போம்.

லியோனார்ட்


இராயபுரம்
10-4-1973

அண்ணா,

பெரியாஸ்பத்திரியில் ஜார்ஜின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய், இந்தப் பக்கம் நான் நின்றேன். ஆரஞ்சுப் பழத்தை வைத்தாய், அவன் தலையைத் தடவினாய், போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசினால் அங்கேயே கத்தியிருப்பேன்.

இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. மற்ற விரல்களைக் காப்பாற்றிவிட்டோம், தையல் ஆறினால் பிடிமானம் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜார்ஜ் கட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கட்டுக்குள்ளே அந்த விரல்கள் அரிக்கிறதாம். இல்லாத விரல் எப்படியக்கா அரிக்கும் என்று என்னைக் கேட்டான். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

அவன் சொன்ன வரைக்கும் எழுதுகிறேன். அடுக்கின் மேல் தகட்டை இறக்குவதற்கு முன் கீழே மரக்கட்டை வைக்க வேண்டும், அதை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் தகடு சரிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் பிடித்திருந்தவன் ஒழுங்காகத்தான் பிடித்திருந்தானாம். "என் கைதாங்கா அப்டியே சோந்து போச்சி" என்கிறான். பதினேழு வயதுக் கை எப்படி அண்ணா சோர்ந்து போகும்?

இவன் முதல் ஆளும் இல்லை. போன மாசம் பஷீர் காலில் தகடு இறங்கியது. அதற்கு முன்னால் முகத்துவாரக்குப்பத்துப் பையன் ஒருவனுக்கு மணிக்கட்டு பிசகியது. நான் படம் காட்டிய அன்றே தோல் கையுறை வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். முதலாளி தலையாட்டினார், நீயும் தலையாட்டினாய். மாட்டின் தலையாட்டலுக்காவது ஒரு அர்த்தம் உண்டு. இளசுகளை இப்படி மாற்றி மாற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் நீ அங்கே எதற்கு மேஸ்திரி?

எங்கள் ஆபீஸ் டாக்டரம்மா விபத்து ரிப்போர்ட் கேட்டிருக்கிறார். என் கையாலேயே என் தம்பி பெயரை எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை.

எல்சி


எண்ணூர்
14-4-1973

எல்சி,

நான் எதற்கு மேஸ்திரி என்று கேட்டிருக்கிறாய். அவன் கையை என் வேட்டியில் சுற்றி, லாரியில் என் மடியில் போட்டுக்கொண்டு வந்தது நான். டோல்கேட் தாண்டும்போது, "அண்ணே, அக்காகிட்ட நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்" என்றான். உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நான் பேசாமல் நின்றேன். அதற்கும் உனக்குக் கோபம்.

இப்போது என்னைக் கேட்ட மாதிரி உன்னையும் கொஞ்சம் கேட்டுக்கொள். முகத்துவாரக்குப்பத்துப் பையன், பஷீர், ஜார்ஜ், அடிபட்ட மூன்று பேரும் உன்னிடம் சத்தியம் செய்தவர்கள். பீடி குடிக்கிறவன் ஒருத்தன் மேலாவது ஒரு கீறல் உண்டா? கிடையாது. எல்லோரும் வாய்விட்டே சொல்கிறார்கள். பீடியை நிறுத்தினால் நரம்பு தளர்ந்துவிடுமாம், கை நடுங்குமாம். எங்களில் வயசில் மூத்த லோடுமேன் பரசுராமன், "மெஷினுக்கு எண்ண ஊத்தறத நிறுத்திட்டு ஓட்டுனா இன்னா ஆவும்" என்று கேட்கிறான்.

நீ அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்திருந்தால் பிள்ளைக்கு இன்று பத்து விரல் இருந்திருக்கும். இதை எழுத வேண்டாம் என்று வியாகுலம் பேனாவைப் பிடுங்கினாள். எழுதிவிட்டேன்.

ரிப்போர்ட்டில் இதையும் சேர்த்து எழுது.

லியோனார்ட்


இராயபுரம்
2-5-1973

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சாப்பிடவில்லை. ஈஸ்டர் அன்று பூசைக்குப் போனேன், முழங்காலில் நின்றேன், ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. நீ எழுதியது உண்மையாக இருந்தால் நான் இந்த வேலையில் இருக்கக் கூடாது என்று தோன்றியது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். பீடியை விட்டவனுக்கு எரிச்சல் வரும், தலை வலிக்கும், சில நாளில் சரியாகிவிடும், ஒரு மாசம் கழித்துக் கை சோர்ந்து போவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். அப்படியானால் மூன்று பேரும் ஏன் சத்தியம் செய்தவர்களாகவே இருக்க வேண்டும்?

ஜார்ஜ் சொல்லிவிட்டான். கட்டு மாற்றும்போது வலி தெரியாமல் இருக்க ஏதாவது பேச வேண்டுமே என்று, டிப்போவில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டேன். அவன் சாதாரணமாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பீடிய பத்த வச்சவன யாரும் கூப்ட மாட்டாங்கக்கா. அது அணையற வரிக்கும் அவன் பாட்டுக்கு குந்திகினு இருப்பான். பீடி இல்லாம நின்னா, 'இன்னாடா வெறுங்கையோட நின்னுகினு கீற'ன்னு அண்ணன் கொரல் குடுக்கும். ஒருத்தன் பீடிக்குப் போனா அவன் பக்கத்தையும் நாங்கதான் புடிக்கணும். சத்தியம் பண்ணதுலேர்ந்து நான் உக்காரவே இல்லக்கா."

அண்ணா, இது நிஜமா?

நிஜமாகத்தான் இருக்க வேண்டும். லாரி சீக்கிரம் காலியாகிறது என்று நீயே எழுதியிருந்தாயே. பிள்ளைகள் உட்காராமல் இழுத்ததால்தான் காலியாகியிருக்கிறது. பீடியைத் தட்டிவிட்டேன் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். அதோடு சேர்த்து அவர்கள் மூச்சு வாங்குகிற நேரத்தையும் தட்டிவிட்டேன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நூறு பட்டறை ஏறி இறங்கியும், எப்போது உட்காருவீர்கள் என்று ஒரு இடத்திலும் கேட்டதில்லை.

ஆனால் நீ அங்கேயே இருக்கிறவன். உட்கார வேண்டுமென்றால் வாயில் நெருப்பு இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

ஜார்ஜுக்கு வேறு வேலை தேடிப் பார்த்தேன். மூன்று இடத்தில் அவன் கையைப் பார்த்தார்கள், அப்புறம் வரச் சொன்னார்கள். அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருப்பது உங்கள் டிப்போ ஒன்றுதான். ஜூன் கடைசியில் வரலாம் என்று முதலாளி சொல்லியனுப்பியிருக்கிறார். அதற்குள் ஏதாவது செய். மிச்சமிருக்கிற விரல்களோடு அவனைத் திரும்பவும் அப்படி நிற்க வைக்க என்னால் முடியாது.

எல்சி


எண்ணூர்
20-5-1973

எல்சி,

நிஜம்தான்.

உன் கடுதாசியை வைத்துக்கொண்டு நான்கு நாள் டிப்போவைப் பார்த்தேன். பதினைந்து வருஷமாகப் பார்க்கிற இடம்தான், ஆனாலும் பார்த்தேன். பீடி பற்றவைத்தவனை என் வாய் கூப்பிடுவதில்லை. வெறுங்கையோடு நிற்கிறவனைக் கண்டால் என் வாய் தானாகக் கூப்பிடுகிறது. இதை யாரும் சட்டம் போடவில்லை. எனக்கு முன்னால் இருந்த மேஸ்திரியும் இப்படித்தான். நான் லோடுமேனாகச் சேர்ந்த புதிதில் முதல் பீடியைக் குடித்து வாந்தி எடுத்தேன். அப்படியும் இரண்டாவதைப் பற்றவைத்தேன். ஆசையாக இருந்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உட்காரத்தான் பற்றவைத்திருக்கிறேன் போல.

நீ கேட்டது சுருக்கென்று இருந்தது. பரவாயில்லை, தங்கச்சிதானே கேட்டாய்.

நேராக முதலாளியிடம் போனேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பீடி குடிக்கிறவன் குடிக்காதவன் எல்லோரும் சேர்ந்து கொஞ்ச நேரம் உட்கார விடுங்கள், அடிபடுவது குறையும் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "உக்கார்றதா? அத நான் எப்போ குடுத்தேன், நீ கூட்டிக் கேக்கறதுக்கு?" என்றார். பீடிக்குக் கொஞ்சம் ஒதுங்குவார்களே என்று சொல்லித் தொலைத்தேன். அவருக்கு அதுவரை அது கண்ணில் படவே இல்லை. நானாகப் போய்க் கண்ணில் குத்திக் காட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் கேட்டில் ஒரு பலகை. டிப்போவுக்குள் புகை பிடிக்கக் கூடாது, இது சுகாதார ஆபீஸ் அறிவுரை. அதற்குக் கீழே உன் நுரையீரல் படம். சாமி பக்கத்திலிருந்து கழற்றி எடுத்து வந்து மாட்டிவிட்டார்.

இப்போது ஒருத்தரும் உட்காருவதில்லை, கிழவன் முதல் குஞ்சு வரை. அடங்காதவர்கள் கக்கூசுக்குப் பின்னால் போய்ப் பற்றவைக்கிறார்கள், அந்த நாற்றத்துக்குள் முதலாளி வரமாட்டார் என்று. பரசுராமன் என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டான்: "தங்கச்சி வந்து பீடிய புடுங்குச்சி. அண்ணன் போயி குந்தறதயும் புடுங்கிட்ட. இன்னும் உங்க வூட்ல யாராச்சும் கீறாங்களா மேஸ்திரி?"

பிள்ளையார் பிடிக்கப் போன கதை நம் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதியதுதான். இனிமேல் நான் என்ன செய்வது, நீயே சொல்.

லியோனார்ட்


இராயபுரம்
8-6-1973

அண்ணா,

கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று நீ சொன்னதை மீறிவிட்டேன். நீ மீஞ்சூருக்கு லாரியோடு போயிருந்த அன்று உங்கள் முதலாளியைப் பார்க்க வந்தேன். என்னை உட்கார வைத்தார், மின்விசிறியைப் போட்டார், டீ வரவழைத்தார். பலகை வைத்ததைப் பெருமையாகச் சொன்னார். "பொகையில்லாத டிப்போன்னு உங்க ஆபீஸ்லேந்து ஒரு சர்ட்டிபிகேட் குடுங்க மேடம், மாட்டிக்கிறேன்" என்றார். ஓய்வு பற்றிச் சொன்னேன். லோடுமேன் விஷயம் எல்லாம் உங்களுக்கு எதற்கு, நீங்கள் உடம்பைப் பாருங்கள் என்றார். வேறு யாருடைய உடம்பைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

தொழிலாளர் விஷயம் பார்க்கிற ஆபீசுக்குப் போனேன். இது தொழிற்சாலை இல்லை, கிடங்கு, எங்கள் பொறுப்பில் வராது என்று திருப்பிவிட்டார்கள். எங்கள் டாக்டரம்மாவோ உங்கள் பலகையை வெற்றி என்று ரிப்போர்ட்டில் சேர்த்துவிட்டார். அதை எடுத்துவிடுங்கள் என்று சண்டை போட்டேன். எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைக்கிறார்.

இதெல்லாம் கிடக்கட்டும். நேற்று ஜார்ஜ் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பீடி நாற்றம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவன் ஒதுங்கவில்லை, நிதானமாக நின்றான். "கக்கூஸ் பக்கம் பீடி இல்லாம போயி குந்தினா கிண்டல் பண்ணி தொரத்துறானுங்களாங்கா, பஷீர் சொன்னான். விட்டு நாளாச்சில்ல, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இருமல் வராம குடிக்க திரும்ப பயகிகினு கீறேன். மிச்ச வெரலாச்சும் எனக்கு வோணும்ல?" என்றான்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை அண்ணா. நுரையீரலா விரலா என்று என் தம்பி கணக்குப் போடுகிறான். அவன் கணக்கில் தப்பில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என் உத்தரவு அங்கே செல்லாது, தொழிலாளர் ஆபீஸ் உத்தரவும் செல்லாது. பலகையை எடுக்க உனக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் நீ கூப்பிட்டால்தான் அவர்கள் எழுந்திருப்பார்கள். நீ கூப்பிடாவிட்டால்? நீயே உட்கார்ந்துவிட்டால்? வாயில் பீடி இல்லாமல், கக்கூசுக்குப் பின்னால் ஒளியாமல், முதலாளி பார்க்கிற இடத்தில்?

உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எத்தனை வருஷம் தகடு தூக்கி நீ மேஸ்திரி ஆனாய் என்பதும் தெரியும். அதனால் செய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன், அவ்வளவுதான். முடியாது என்றால் ஒரு கார்டு போடு. அவனை நான் டிப்போவுக்கு அனுப்ப மாட்டேன், என்னோடு வீட்டில் சும்மா இருக்கட்டும்.

எல்சி


எண்ணூர்
8-7-1973

அன்புள்ள தங்கச்சி எல்சிக்கு,

முடியாது என்று கார்டு வாங்கிவிட்டேன். எழுதியும்விட்டேன். தபால் பெட்டி வரைக்கும் போய், நாளைக்குப் போடலாம் என்று திரும்பினேன். அப்படியே நாள் போய்விட்டது. நீ பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு அவனை அனுப்பிவிட்டாய். தைரியம்தான் உனக்கு. அன்று காலையில் கேட்டில் அவன் வந்து நின்றான்.

நடந்ததை ஜார்ஜ் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பான். மீதியை நான் எழுதுகிறேன்.

முதல் லாரி வரைக்கும் நன்றாகத்தான் செய்தான். இரண்டாவது லாரியில் பாதி இறங்கியதும் அவன் மணிக்கட்டு ஆட ஆரம்பித்தது. தகட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான், கேட்பதற்காக இல்லை. மேஸ்திரி பார்க்கிறாரா என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பார்த்துவிட்டுக் கக்கூஸ் பக்கம் திரும்பினான். சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே போனான்.

என் தம்பி என்னை அப்படிப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை எல்சி. அவ்வளவுதான் விஷயம். நீ எழுதிய நியாயம் எல்லாம் அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. "ஜார்ஜி, இங்க வந்து குந்து" என்றேன். தகட்டு அடுக்கின் மேல் நானும் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தானாகப் பைக்குப் போகிறது, எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டேன். ஜார்ஜ் என் பக்கத்தில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். பரசுராமன் வந்து எனக்கு மார்வலியா என்று கேட்டான். ஒன்றும் இல்லை, நீயும் உட்கார் என்றேன். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அப்புறம் பஷீர், அப்புறம் எல்லோரும். அத்தனை பேர் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்ததை அந்த இடம் அன்றுதான் பார்த்திருக்கும்.

முதலாளி வெளியே வந்தார். இன்னா நடக்குது லியோனார்ட் என்றார். "ஒண்ணும் நடக்கல மொதலாளி, குந்திகினு கீறோம்" என்றேன். லாரி நிற்கிறது என்றார். நிற்கிறது, இதோ எழுந்திருப்போம் என்றேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், உள்ளே போய்விட்டார். நாங்கள் எழுந்து மிச்சத்தை இறக்கினோம்.

மறுநாளும் உட்கார்ந்தோம். அதற்கு அடுத்த நாளும். அந்த வாரக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து பரசுராமன் மேஸ்திரி, இஷ்டம் இருந்தால் நீ லோடுமேனாக இரு, இல்லாவிட்டால் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போ என்றார். இருக்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். வியாகுலம், "போனா போவுது, கத்தறதாவது கொறையும்" என்றாள். உள்ளே போய் அழுதாள்.

பரசுராமன் மேஸ்திரியான முதல் நாள் நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அதே அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தான், வெறுங்கையோடு. எல்லோரும் உட்கார்ந்தோம். முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்தார். எத்தனை மேஸ்திரியை மாற்றுவார்?

பலகை இன்னும் இருக்கிறது, உன் படமும் இருக்கிறது. நான் பீடியை விடவில்லை, வீட்டுக்கு வந்து குடிக்கிறேன், அதைப் பற்றி நீ பேசக் கூடாது. ஜார்ஜ் பையில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. டிப்போவில் அவன் அதை எடுப்பதில்லை, அது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உன்னைச் சாப்பிட வரச் சொல்கிறாள் வியாகுலம். கேட்டைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் காற்றில் விட்டுவிடு, அந்தக் கேட்டுக்கு இப்போது மேஸ்திரி நான் இல்லை.

இந்த வயசில் மறுபடியும் தகடு தூக்குகிறேன், முதுகு பிளக்கிறது. ஜார்ஜுக்கு எதிர்ப்பக்கம் பிடிக்க இரண்டு மூன்று பேர் வந்தார்கள், நான்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் தள்ளி நின்று கத்திய எனக்கு இது தெரியாமல் போயிற்று. ஒரு முனையைப் பிடித்திருந்தால், அடுத்த முனையில் அவன் கை தளர்வது இரும்பு வழியாகவே எனக்குத் தெரிந்துவிடுகிறது. அவனாகச் சொல்ல மாட்டான், ரோஷக்காரன். நான்தான் முதலில் எனக்கு முடியவில்லை, இறக்கு என்கிறேன்.

அண்ணன்
லியோனார்ட்